முதலில் மூடு, கடைசியில் திற

இரண்டே வரி. ஒன்று மூடு என்கிறது, மற்றது திற.
நடுவில், வருகைப் பேரேட்டில்
உள்ளே வருபவரின் பெயரை எழுதும் ஒரு சின்ன நிரல்.
மூடு முதலில் வரவேண்டும், திற கடைசியில்.
பேரேட்டைத் தொட வாசலுக்குத்தான் அனுமதி,
வந்தவருக்கு இல்லை.

திறவை நான் ஒரு வரி மேலே ஏற்றிவிட்டேன்,
கிளிநொச்சியில், திணைக்களத்தின் இரண்டாம் மாடியில்,
மாலை ஐந்து பத்துக்கு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்.
சேமித்தேன். வெளியேறினேன்.
இன்னொரு சன்னலில் நுழைந்து பாராமல்
வெளியேற வேண்டாம் என்று
சுவரில் அச்சடித்து ஒட்டியவளும் நான்தான்.

ஏழு மணிக்கு மழை.
பாலையடிக்குளத்துச் சேவர் ஆரையும் உள்ளே விடவில்லை.
கடவுச்சொல் சரியாம். ஆனாலும் அமர்வு மறுக்கப்பட்டதாம்.
எனக்கும்தான்.

மழைக்கோட்டுக்குள் மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு
ஏ ஒன்பதில் ஸ்கூட்டி ஓட்டினேன்.
முறிகண்டியில் லொறிகள் நின்றன, நான் நிற்கவில்லை.
செம்மண் ஒழுங்கையில் இரண்டுதரம் சறுக்கினேன்.

துருசு அறையில் திரை எரிந்துகொண்டிருந்தது.
கிருபைராசா காலையில் உள்நுழைந்தவர்,
வெளியேறவே இல்லை.
"சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன், வேலை முடிஞ்சா வெளியேறுங்கோ எண்டு."
"முடியேல்லையே தங்கச்சி."

அவருடைய அமர்வு உயிரோடிருந்தது.
நுழைந்தபோது ஒட்டிய சீட்டு
வெளியேறும்வரை உரியாது.
வாசலில் நான் விதியைக் குழப்பியது
உள்ளே இருந்தவருக்குத் தெரியாது.

அந்த விசைப்பலகையில் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
அனுமதியில்லை.
அளவு பதிபவர் அளவுதான் பதியலாம்,
வாசலைத் தொடக்கூடாது.
விதியை எழுதியது நான். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

சீட்டைக் கேட்டேன், நான்கு பெட்டிகள் வந்தன.
ஆர், என்ன பணி, என்ன வகை, எந்த மட்டம்.
ஓமந்தையில், பத்து வயதில், அம்மாவின் சேலையைப் பிடித்தபடி
நான் நின்ற வரிசையிலும் கேட்டார்கள்:
பெயர், ஊர், எதற்காக, எத்தனை நாள்.
கைநூலைத் தமிழில் எழுதியபோது
மூன்றாவது பெட்டிக்கு வகை என்று போட்டேன்.
அகராதி இனம் என்றும் போடலாம் என்றது.
கை வரவில்லை.

ஒரே வழி இருந்தது. நிறுத்தி, மறுபடி எழுப்பி,
காவல் எழும்புமுன் ஒற்றை ஆளாய் உள்ளே போவது.
நிறுத்தினால் அவருடைய அமர்வும் போகும்.
இருபத்தொரு அடி நாலு அங்குலம்.
அரை மணிக்கொருக்கால் அவர் டோர்ச்சோடு அணைக்கட்டுக்குப் போய்
நனைந்து வந்து, இரண்டு விரலால் எண்ணைத் தட்டினார்.
கீழே மூன்று கிராமங்களின் கைபேசிகள்
அந்த எண்ணைப் பார்த்துத்தான்
நித்திரையா, மூட்டை கட்டவா என்று முடிவெடுக்கும்.

காத்திருந்தேன்.
பிளேன்ரீ தந்தார், சீனியைக் கையில் வைத்தார்.
இருபத்தொன்று ஒன்பது.
இருபத்திரண்டு.
ஒரு கதவை அரை அடி உயர்த்தப் போனார்,
எழுதிய தாளைப் பார்த்தபடி
நான் ஒருமுறை மட்டும் அவருக்காகத் தட்டினேன்.
பதிவேட்டில் அது கிருபைராசா என்றுதான் இருக்கும்.
இங்கே சொல்லி வைக்கிறேன்.

நாலரைக்கு நீர் இரண்டு அங்குலம் இறங்கியது.
ஐந்தரைக்கும் இறங்கியது.
"இப்ப முடிஞ்சுது" என்றார்.
வெளியேறு என்ற சொல்லை
எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார்.

நிறுத்தினேன். எழுப்பினேன்.
ஒரு வரியை ஒரு வரி கீழே இறக்கினேன்.
பதினொரு நிமிடம்.

பிறகு அவரை உள்நுழையச் சொன்னேன்.
பேரேட்டில் பெயர் விழுந்தது. நான்கு பெட்டியும் சரி.
என் சன்னலை மூடாமல் வைத்துக்கொண்டே
இன்னொருதரம் நுழையச் சொன்னேன்.
"நம்பிக்கை இல்லையோ?"
"என்னிலைதான்."

வெளியே துருசுக் கதவு
இன்னும் அரை அடி உயரத்தில்
இரைந்துகொண்டிருந்தது.