ரசமட்டம்

ரெட்டலாக் தெருவில் ஒரு நிலவறை.
மேற்குச் சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறது,
இரண்டேகால் அங்குலம்.
டெல்வின் விளக்கைப் பிடிக்க
ரசமட்டத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கிறேன்.
குமிழி ஓரத்துக்கு ஒதுங்குகிறது
கடன் கொடுத்தவனைக் கடைவாசலில் கண்டதுபோல.

ரெஜைனாவின் மண் அப்படி.
பனியாறு உருகித் தேங்கிய பழைய ஏரியின் வண்டல்.
மழை குடித்தால் ஊதும்,
வறண்டால் சுருங்கி வாய் பிளக்கும்.
சப்பாத்தில் ஒட்டினால்
அடுத்த வீட்டு வேலைக்கும் கூடவே வரும்.

இதன்மேல்தான் கோடு கிழித்தார்கள்
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டில்.
மேடில்லை, மரமில்லை.
தண்ணீர் என்று சொல்ல
கோடையில் குதிரைக் குளம்பு நனையாத ஓர் ஓடை.
ரயில் வந்துவிட்டது, அது போதும்.
மறு வருடம்
பாட்டில்ஃபோர்டில் இருந்த தலைநகரைப் பெயர்த்து
இங்கே இறக்கினார்கள்
பெட்டி படுக்கையோடு.
அப்போது நிலம் யார் பேரில் இருந்தது என்று
இன்றைக்கும் விசாரிக்கிறவர்கள் உண்டு.

ஊருக்கு ராணி என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள்.
முந்தைய பெயரில் எலும்பு இருந்தது.

"எங்கள் ஆட்கள் எருமை எலும்புகளை
இங்கேதான் அடுக்கினார்கள்" என்றான் டெல்வின்,
"செத்த உறவைவிட்டு மந்தை போகாது,
திரும்பி வரும் என்று."
பிறகு?
"பிறகு அதையும் ரயிலில் ஏற்றி
உரத்துக்கு விற்றார்கள்.
அந்த ஆறடி நாடாவை எடு."

தலைநகர் என்றால் ஏரி வேண்டாமா?
ஓடையை மறித்தார்கள்.
முப்பதுகளின் பஞ்சத்தில்
வேலையற்ற இரண்டாயிரம் ஆண்கள்
மண்வெட்டியும் குதிரைவண்டியுமாக ஆழப்படுத்தினார்கள்.
வெட்டிய மண்ணை எங்கே கொட்ட?
தீவுகளாகக் குவித்துவிட்டார்கள்.
வாத்துகள் அதைத் தீவு என்றே நம்பி
முட்டையிடுகின்றன.

மரங்களும் கையால் நட்டவை.
சட்டமன்றக் குவிமாடம் நிற்பதும் இதே களியில்.
அதற்கும் ஒருமுறை
அடியில் புதுத் தூண்கள் கொடுக்க வேண்டியிருந்தது.
அரசாங்கம் என்றால் மண் பயப்படுமா என்ன.

ஹ்ரிசுக் அம்மாள் படியிலேயே நிற்கிறார்,
கீழே இறங்க மூட்டு விடுவதில்லை.
"வலது மூலையைப் பாருங்கள்" என்கிறார்.

விரிசலின் குறுக்கே பென்சில் கோடுகள்.
பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி:
74 மே. 79 ஏப்ரல், வெள்ளம்.
88 ஆகஸ்ட், மழையே இல்லை, ஒரு விரல் நுழைகிறது.
மைரனின் கையெழுத்து.
வருடம் ஒருமுறை இறங்கிப் பார்ப்பாராம்
பிள்ளையின் உயரத்தைக் குறிப்பதுபோல.
2011க்குப் பிறகு ஒரே ஒரு கோடு,
கோணலாக, தேதியில்லாமல்.
அது யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது இரும்புத் தாங்கிகள்,
நாலடிக்கு ஒன்று, வரைபடம் அப்படி.
ஏழாவது சரியாக அந்தக் கோடுகளின்மேல் விழுகிறது.
"கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

டெல்வின் என்னைப் பார்த்தான்.
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.
வரைந்தவர் வின்னிபெக்கில் இருக்கிறார்.
அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாலடி.

எட்டு அங்குலம் தள்ளித் துளையிட்டோம்.
அந்தப் பக்கம் இன்னொன்று கூடுதலாக.
ரசீதில் ஒன்பது என்றே எழுதினேன்.

திரும்பும்போது ஆல்பர்ட் தெருப் பாலத்தில் நெரிசல்.
இத்தனை சிறிய தண்ணீருக்கு
இவ்வளவு நீளப் பாலமா என்று
ஊரே கேலி செய்யும் பாலம்.
கீழே வெட்டிய ஏரி, குவித்த தீவு.
எல்லாம் மட்டமாகத் தெரிந்தது, இங்கிருந்து.

போன தையில் நானும் ஒரு வீடு வாங்கினேன்,
இருபத்தைந்து வருடக் கடனில்.
ரசமட்டம் இரவில் வண்டியிலேயே கிடக்கும்.
இதுவரை அதை
வீட்டுக்குள் கொண்டு போனதில்லை.