கேள்வி பதினொன்று

"நாயைப் பிடியுங்கள்!" என்று வேலிக்கு வெளியே நின்று கூவினோம்.
உலான்பாதரின் இந்த மலைச்சரிவில்
வணக்கம் சொல்வது அப்படித்தான்.
அந்த வீட்டில் நாயே இல்லை.

மைனஸ் இருபத்தெட்டு. பேனா மை உறைந்துபோகும் என்று
பென்சில் கொடுத்திருந்தார்கள்.
உள்ளே நுழைந்த முதல் நிமிடத்தில் புகை வாடை எவ்வளவு?
பூஜ்யம் முதல் நான்கு வரை.
ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

தவாசம்பு மூன்று போட்டான். நான் ஒன்று.
அடுத்த கூடாரத்தில் அவன் நான்கு, நான் இரண்டு.
கடைசி வீட்டில் செர்மாவிடம் வழக்கம்போலக் கேட்டோம்.
உப்புத் தேநீரை ஊற்றியபடி
"எந்தப் புகை?" என்றாள்.
என் தாளில் பூஜ்யம்.

சோல்மோன் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
காப்பா, பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
"குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதைக் கழித்துவிட்டால்
உங்கள் இருவருக்குள் மிஞ்சுவது இவ்வளவுதான்."
விவாகரத்து வக்கீல் பேசுவதுபோல் இருந்தது.

அவன் கோவ்ஸ்கோல் ஏரிக்கரையில் வளர்ந்தவன்.
நானும் நிலக்கரியும் ஒரே சாக்கில்
இந்த மலைக்கு வந்து இறங்கியவர்கள்.
என் மூக்கும் செர்மாவின் மூக்கும்
அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின.
அதற்குக் காப்பா போட யாருக்கும் தோன்றவில்லை.

மறுபயிற்சி மூன்று நாள்.
மூடிபோட்ட ஜாடிகளில் புகை, எண் ஒட்டி.
முகர்ந்தேன், முகர்ந்தேன்,
கண்ணாடி வாசனைதான் வந்தது.

பள்ளியில் ஒருநாளும் பார்த்து எழுதியவளில்லை நான்.
இரண்டாம் சுற்றிலும் அவன் தாளைப் பார்க்கவில்லை.
முகத்தைப் பார்த்தேன்.
இடது புருவம் ஏறினால் மூன்று.
இருமலை விழுங்கினால் நான்கு.
சும்மா நின்றால் ஒன்று; அது அபூர்வம்.

பூஜ்யம் புள்ளி எட்டு நான்கு!
சோல்மோன் எல்லோருக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை வாங்கினாள்.
'கருவி நம்பகமானது' என்று அறிக்கையில் ஒரு வரி.
தவாசம்பு என் தோளில் தட்டி
"உனக்கும் மூக்கு வந்துவிட்டது" என்றான்.
கொழுக்கட்டை சுட்டது. அதையே சாக்காக வைத்து
பதில் சொல்லாமல் மென்றேன்.

இரவு என் வீட்டு வாசலில்
பையில் ஒரு படிவம் மிச்சம் இருந்தது.
கதவைத் திறந்து உள்ளே நின்றேன். முதல் நிமிடம்.
அடுப்பு எரிந்தது. மகள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.
கையில் பென்சில்.
எதிரே ஒரு புருவமும் இல்லை.

"கதவைச் சாத்தேன்," என்றார் கணவர்,
"குளிர் வருகிறது."