அண்ணனின் வயது

பிஸ்கட் டப்பாவில் மூன்று பொருள்கள் இருந்தன.
நீல நூலில் பின்னிய தொப்பி, என் முஷ்டிகூட நுழையாது.
குழி வெட்டியவனுக்குக் கொடுத்த கூலியின் ரசீது.
நாலாய் மடித்த பிறப்புச் சான்று:
ஆமோஸ் ட்ரூரி, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு.
நாற்பத்தோரு நாள் இருந்துவிட்டுப் போனவன்.
எங்களுக்கெல்லாம் மூத்தவன்,
எங்களையெல்லாம்விடச் சின்னவன்.

சிரில் அந்தத் தாளை எடுத்தபோது
அம்மா துறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
நான் மாடிப்படியில்.
பார்த்துட்டியா என்றான்.
பார்த்துட்டேன்.
கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை என் வாயில் திணித்தான்.
பத்து வயதுக்கு அது பெரிய லஞ்சம்.

அவனுக்குப் பதினைந்து.
உடைந்த குரல் இன்னும் ஒட்டவில்லை.
மீசை, தேடினால் கிடைக்கும்,
அதுவும் வெயில் பக்கவாட்டில் விழுந்தால்.
அப்பாவின் பூட்ஸில் செய்தித்தாளைத் திணித்துக் காலை நுழைத்தான்.
(கடலோடு போனவருக்குப் பூட்ஸ் மிஞ்சுமா என்று கேட்பீர்கள்.
படகுக்கு ஒரு ஜோடி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஜோடி.)

கிரிம்ஸ்பி நகர மன்றத்து வாசலில் வரிசை.
மார்பைச் சுற்றி நாடா பிடித்தவர்
மூச்சை இழு என்றாராம்.
இழுத்தான்.
இன்னும் என்றாராம்.
இன்னும் இழுத்தான், காது சிவக்க.
மேஜைக்காரர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
பத்தொன்பது என்று எழுதினார்.
தலைக்கு இவ்வளவு என்று அவருக்கும் கிடைத்திருக்கும்.

இதைச் சொன்னவன் பின்னால் நின்ற ஆர்ச்சி ஓட்லிங்.
அவன் அந்த நேரம் பார்த்து இருமினான்,
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
நாற்பது வருஷமாய் இருமிக்கொண்டே இருக்கிறான்,
தெருக்கோடியில், நல்ல சுகத்தோடு.

அம்மா மறுநாளே ஏப்ரனோடு ஓடினாள்.
சிரில் ட்ரூரி என்று கேட்டாள்.
பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார்கள்.
அப்படி யாரும் சேரவில்லை, அம்மா.
லின்கனில் கேட்டாள், ஹல்லில் கேட்டாள்.
அப்படி யாரும் இல்லை.
ஒரு சொல் போதும், அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.
அந்தச் சொல் என் வாயில் இருந்தது.
மிட்டாய் கரைந்து எத்தனையோ நாளாகியும்
கறுப்பு நாக்கைக் காட்ட பயந்தவள்போல்
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிரான்ஸிலிருந்து இரண்டு கடிதம்.
சாக்ஸ் நனைந்தது, ரொட்டி பரவாயில்லை,
ஒரு கோவேறு கழுதைக்கு என்னைப் பிடித்துவிட்டது.
கீழே, உங்கள் மகன், என்று மட்டும்.
அதில் பொய்யென்று ஒன்றும் இல்லை.

அக்டோபரில் படிவம் வந்தது:
ஆமோஸ் ட்ரூரி, களத்தில் இறந்தார்.
அம்மா அதைத் தபால்காரரிடமே திருப்பி நீட்டினாள்.
இது இருபது வருஷம் தாமதமாய் வந்திருக்கிறது என்றாள்.
அவர் கதவிலிருந்து தெருவுக்குப் போகுமுன்
அவள் கை டப்பாவில் இருந்தது.
தொப்பி. ரசீது.
தொப்பி. ரசீது.
பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.
அடித்திருக்கலாம்.
அடுப்பில் கரி போடு என்றாள்.

ஆமோஸுக்கு இப்போது இரண்டு கல்லறை.
ஒன்றில் மரக்குச்சி, ஒன்றில் வெள்ளைக் கல்.
சிரிலுக்கு எங்கும் ஒரு பிடி மண் இல்லை.
அதனால் அரசாங்கத்தின் கணக்கில் அவன் சாகவே இல்லை.
வளர்ந்தான்.
பதினாறானான், பதினேழானான்,
பதினெட்டு மார்ச்சில் பதினெட்டை எட்டினான்.
எட்டிய வாரமே அழைப்பாணை.
அவன் போகாததால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.
கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள்,
நிலக்கரிக் கொட்டிலில் விளக்கடித்தார்கள்.
உங்கள் மகன் எங்கே ஒளிந்திருக்கிறான்?
அம்மா பூட்ஸ் இருந்த இடத்தைக் காட்டினாள்.
அங்கே பலகையில் ஒரு நிறமாற்றம், அவ்வளவுதான்.
பெரியவருக்கு எரிச்சல்.
சின்னவர், அவருக்கும் சரியாக மீசை இல்லை,
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அழைப்பாணை இப்போது அந்த டப்பாவில்.
கூடவே வந்த ரயில் சீட்டும்:
சிரில் ட்ரூரி, ஒருவர், மூன்றாம் வகுப்பு,
லின்கன் வரை. போக மட்டும்.