காய்ச்சல் என்று எழுதிய நாள்

அடப்பாற்றின் கடைசி மதகு.
இதற்கு அப்பால் உப்பு.
மேட்டூரை மூடி ஒன்றரை மாதம்,
மேலே வாய்க்கால்களில் ஆடு மேய்கிறது,
மதகடியில் மட்டும் முழங்காலளவு தண்ணீர்.

பக்கச்சுவரில்,
அரசாங்க அளவுகோலுக்கு இரண்டடி தள்ளி,
நீ யாரோ
செங்கல் துண்டால் கோடு கிழித்திருக்கிறாய்.
நாளுக்கு ஒன்று. தண்ணீர் தொட்ட இடத்தில்.
தலைக்கு மேல் தேதி.
எண்ணினேன், நாற்பது.
சுவர் முடிகிற மூலையில்
"தண்ணி விடல. ஆனா ஏருது. ஏன்?"

ஏறுது என்று எழுத வேண்டும்.
அது கிடக்கட்டும்.

நான் இந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர்.
சொல்லக் கூசுகிறது:
எங்கள் பதிவேட்டில் நாற்பத்தொரு நாளும் உண்டு.
எல்லா நாளும் ஒரே எண், ஒரே பேனா,
ஒரே உட்காரலில் எழுதியது.
லஸ்கர் பக்கிரிசாமியைக் குறை சொல்ல மாட்டேன்,
மூன்று மதகுக்கு ஒற்றை ஆள்.
கீழே கையெழுத்து என்னுடையது.

உன் சுவரில் மார்ச் நான்கில் கோடு இல்லை.
இடம் விட்டு, சின்னதாக, "காய்ச்சல்".

அந்த வெறும் இடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.
முந்தின நாளையும் மறுநாளையும் பார்த்து
நடுவில் ஒன்றை இழுத்திருக்கலாம் நீ.
யாருக்குத் தெரியப்போகிறது,
நண்டுக்கா?

பிறகு எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன்.
கோடுகள் கோடுகளாக இல்லை.
ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி,
மறுபடி ஏறி நிற்கிறது.
போனில் நாள்காட்டியைத் திறந்தேன்.
அமாவாசை, மேடு.
பௌர்ணமி, மேடு.
திரும்ப அமாவாசை.
நீ அளந்துகொண்டிருந்தது ஆற்றை இல்லை,
கடலை.

கதவு மூடித்தான் இருக்கிறது.
அடியில் ரப்பர் பட்டை போய்விட்டது.
நாளைக்கு இரண்டு தரம் கடல் உள்ளே நுழைந்து
மேலே நாற்றங்காலுக்கு நிலம் பார்த்துவிட்டுப் போகிறது.
சேற்றில் இறங்கிக் கைவிட்டுத் தடவினேன்.
விரலை நக்கினேன்.
ஆமாம்.

மதிப்பீடு அனுப்பியாயிற்று.
'ஆதாரம்' என்கிற கட்டத்தில்
"பெயர் தெரியாத ஒருவரின் நாற்பது அளவீடுகள்"
என்றெழுதினேன்.
செயற்பொறியாளர் கூப்பிட்டார்: "யாரும்மா அது?"

யார் நீ?
எட்டேகால் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் யாரோ.
கேள்வி எழுதிய உயரத்தைப் பார்த்தால் பத்தாவது.
சேற்றில் ஒரு செருப்புத் தடம், இடது குதிகால் தேய்ந்தது.
ஜூனில் எந்த குரூப் என்று கேட்பார்கள்.
திருப்பூரிலிருந்து அண்ணன் ஒன்று சொல்வான்,
காலேஜ் ஃபீஸ் ஒன்று சொல்லும்,
கணக்கு நமக்கு வராது என்று நீயே சொல்லிக்கொள்வாய்.
பதினொன்றாம் வகுப்பில் முதல் இயற்பியல் பரீட்சை,
எனக்கு இருபத்தெட்டு.
இது ஆறுதல் இல்லை,
அளவீடு.

வேலையும் ஒன்றும் பளபளப்பானது இல்லை.
பாதி நாள் டெண்டர், பாதி நாள் சகதி,
பத்து மைலுக்கு ஒரு கழிப்பறை.
ஆனால் பார்க்காத நாளைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு
மறுநாள் ஜுரத்தோடு வந்து நிற்கிற ஒரு ஆளுக்கு
என் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலி.
ஒரு கால் ஆடும். வந்து சரிசெய்துகொள்.

உன் கேள்விக்குக் கீழே
பதில் எழுதவில்லை. "நிலாவைப் பார்" என்று மட்டும்.
பக்கத்தில் என் கேள்வி:
இரண்டாம் அமாவாசை முதலாவதைவிட நாலு விரல் உயரம்.
ரப்பர் இன்னும் கிழிந்ததா, காற்றா, வேறெதுவுமா?
எனக்கும் தெரியவில்லை.

உன் செங்கல் துண்டு தேய்ந்து கட்டைவிரலளவு ஆகியிருந்தது.
அளவுகோலுக்குப் பின்னால் புதுசாக ஒன்று வைத்திருக்கிறேன்.
இந்தச் சுவர் நிறைந்துவிட்டது.
எதிர்ச்சுவர் முழுக்கக் காலி.