எட்டு மணித்தியாலம்

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தபோது
சுண்டுவிரல் அளவு.
இப்போது சோற்றுக் கோப்பையிலும் அகலம்
கல்லடியில் என் நாலடித் தொட்டிக்குள்
அந்தத் தோல்முருகை.
அதன் நிழலில் பச்சைப் பூமொட்டுகள் வெளிறிக்கொண்டிருந்தன.
இரவில் பக்கத்திலுள்ளதற்கு நஞ்சு கக்கியது.
வேறொரு குற்றமுமில்லை,
வளர்ந்துவிட்டது.

“கடல் கூப்பிடு தூரம்தானே பிள்ள,
கொண்டுபோய் விடன்” என்றார்
மதிலுக்கு அங்கால் வலை காயப்போட்ட சில்வெஸ்டர்.
ஏலாது.
இது எந்தக் கடலின் பிள்ளையோ,
எந்தக் கடலின் நோயோ.
அலை கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு
அலைக்குள் விடக்கூடாத ஒன்றை வளர்க்கிறேன் என்று
விளங்கப்படுத்துகையில்
எனக்கே கொஞ்சம் கூச்சம்.

ஆகவே கத்தரிக்கோல்.
பல் பகுதியில் வேலைசெய்யும் தங்கச்சி
கழித்துப் போட்டதைக் கொண்டுவந்தாள்.
வெட்ட வெட்டச் சுருங்கியது.
கை முழுக்கச் சளி, கணவாய் கழுவிய நாற்றம்.
பசை பிடிக்காது இதற்கு;
உடைந்த ஓட்டுத் துண்டுகளில்
றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினேன்.
ஒன்று, பதினொன்றானது.

மூன்று, காத்தான்குடிச் சலூன்காரர் இல்ஹாமுக்கு.
“எவ்வளவு டீச்சர்?”
காசில்லை.
“வெளிச்சம் எத்தனை மணித்தியாலம் விடுவீங்க?
உப்பு அளக்கிற கருவி இருக்கா?
ஏஸியா, ஃபேனா?”
கடன் கொடுக்கும் வங்கிபோல் குடைந்தேன்.
அவர் பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

இரண்டு, ஏறாவூர் ரியூசன் மாஸ்டருக்கு.
ஒன்றை மருதமுனைக்கு
ஐஸ்கிறீம் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்
நஸ்லியா.
வட்டிலாப்பமா என்று கேட்டாராம் கண்டக்டர்.
மற்றதுகளுக்கு ஆளில்லை.
தாயோடேயே கிடந்தன.

கார்த்திகையில் காற்றும் மழையும்.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
இன்வேட்டர் முதல் இரவோடு சரி.
அகப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்,
தோள் மரத்துப்போகும்வரை.
மூன்றாம் நாள் அது
நனைந்த காகிதம்போல் கையோடு வந்தது.
நாறிய தண்ணீரை வாளி வாளியாய்
என்னோடு சுமந்தார் சில்வெஸ்டர்.
கடலைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள்
சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருக்கையில் ஃபோன்.
“டீச்சர், உங்கட சாமான்
இஞ்ச கண்ணாடி முட்ட நிக்கிது.
முடி வெட்ட வாற ஆக்கள்
அதப் பார்த்துத் தலையத் திருப்புறாங்க,
காதை வெட்டிருவன் போல.
யாருக்கும் வேணுமா?”

தொட்டிக்குள் நாலைந்து வெள்ளைக் கல்,
பழைய பத்திரிகைக் கட்டு.
கொஞ்சம் நேரம் பேச்சு வரவில்லை எனக்கு.

“எனக்கு” என்றேன்.

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம்.
தொண்டையைச் செருமினார்.
“அப்ப சொல்லுங்க டீச்சர்,
வெளிச்சம் எத்தனை மணித்தியாலம் விடுவீங்க?”

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை தொட்டியில்.

“எட்டு” என்றேன்.