சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன

முதலில், பனி இல்லை.
ஆஷ்டபுலாவில் பிப்ரவரி என்றால்
ஏரியே எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடும்.
அவர்கள் மழை காட்டினார்கள். குழாய் மழை.
தெருவிளக்கின் அடியில் மட்டும் கொட்டியது,
பின்னால் நின்ற மரம் நனையவே இல்லை.

"ஒன்று" என்றார் மெர்ல்,
கேஸ் பில்லின் முதுகில் பென்சிலால் கோடு போட்டபடி.

கார்லிஸ் இடதுகைக்காரி.
திரையில் என் தங்கையாக வந்த பெண்
வலதுகையால் கணக்கெழுதினாள்.
இரண்டு.
பவுலிங் கூடத்தில் வாடகைக் காலணிகளை வாங்கி
ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் மருந்தடித்து
அலமாரியில் அடுக்குவது அவள் வேலை.
கூடத்தை மதுக்கடை ஆக்கிவிட்டார்கள்.
காலணி அடுக்குகிறவள் செத்தால்
யாருக்கும் நெஞ்சு பதறாது போலிருக்கிறது.

பழுப்பு கார்டுராய் கோட்டு
சிவப்பாகியிருந்தது.
நாற்பது டாலர் கோட்டு.
என் பிஸ்கட் டப்பாவிலிருந்து, கேட்காமல் எடுத்த நாற்பது.
அது எந்த ஆவணத்திலும் இல்லை.

டுவைட் பெல்க்கருக்குக் கன்னத்தில் தழும்பு வைத்திருந்தார்கள்.
நகைச்சுவைதான்.
தேவாலய நடைபாதையில் பனி வாரிப்போட்டவன் அவன்.
ஒருமுறை என் வண்டிக்கு டயர் மாற்றிக் கொடுத்தான்,
காசு வேண்டாமென்றான்.
கை துடைக்க நான் நீட்டிய துண்டை
நான்காக மடித்து, ஓரம் ஒத்துவைத்துத்
திருப்பித் தந்தான்.
அந்த மடிப்பை எந்த நடிகன் நடிப்பான்?

மெர்லுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது.
காரின் கதவு எண்ணிக்கை தப்பு.
ஷெரீப் ஒல்லி, அவரைக் குண்டாக்கிவிட்டார்கள்.
யாரும் வளர்க்காத ஒரு நாய் குரைக்கிறது.
பதினாறு. பதினேழு.
முப்பத்திரண்டு வருடத்தில்
என் வீட்டுத் துக்கத்துக்கு அவர் செய்ய முடிந்த காரியம் அதுதான்,
செய்யட்டும் என்று விட்டேன்.

பிறகு அந்தக் காட்சி.
இரவு பதினொன்று நாற்பது.
நிலா வெளிச்சம் விழும் அறை, பட்டு இரவுடை,
நானாக நடிக்கிறவள்
தலையணையில் கூந்தல் விரித்துத் தூங்குகிறாள்.
தொலைபேசி அடிக்கிறது.
என்ன அழகாகத் தூங்கினாள் அந்தப் பெண்!
இமைகூட அசையவில்லை.
ஆறு மணியோடு நிறுத்திவிட்டார்கள்.
விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது.

மெர்ல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
"இதை மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள், வெர்லீன்."

சரிதான்.
நிகழ்ச்சிக்காரர்களின் ஆராய்ச்சிப் பெண் போன வருடம் பேசியபோது
வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்ததாகச் சொன்னாள்.
'நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.'
என் கையெழுத்து, தேதி,
ஹேவர்ட்டி என்ற இளம் அதிகாரி
நீட்டிய காகிதக் கைக்குட்டையின் ஈரக் கறை ஓரத்தில்.

தூங்கவில்லை.
சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன், கம்பளிக் காலுறையோடு,
டப்பாவிலிருந்து பீச் பழத்தை முள்கரண்டியால் குத்தித் தின்றபடி.
பதினான்கு முறை அடித்தது.
நான் எண்ணினேன்.
யாரென்று தெரியும்.
மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள்,
கேட்கட்டும், நாளைக்குக் கேட்கட்டும்,
கொஞ்சம் வேகட்டும் என்று
இன்னொரு துண்டைக் குத்தினேன்.
பதினைந்தாவதுக்குக் கை நீட்டினேன்.
பதினைந்தாவது வரவில்லை.

மழையைப் பனியாக்கலாம்.
நாயை விரட்டிவிடலாம்.
அவள் கையில் பேனாவை இடம் மாற்றலாம்.
அந்தப் பட்டு இரவுடைக்காரியை
யார் போய் எழுப்புவது?

விளம்பரம் முடியப்போகிறது.
மெர்ல் என் முகத்தைப் பார்த்தார்.
"என்ன? ஏதாவது தப்பா?"

வாய் திறந்தேன்.
"தொலைபேசி" என்றேன்.
"கறுப்பில்லை. நம்மிடம் இருந்தது பச்சை."

காதிலிருந்து பென்சிலை எடுத்து
"பதினெட்டு" என்று
கோடு போட்டார்.