மூன்று விநாடி

பெயர் போடும்போதே ஜெசிந்தா சொல்லிவிட்டாள்
இது ரெண்டு வாரம் தாங்காது என்று.
நடிகர்களின் பெயர்களைக் குடங்களில் எழுதி
வரிசையில் வைத்திருந்தார்கள்.
இயக்குநர் பெயர் இருந்த குடம் மட்டும்
கவிழ்ந்து கிடந்தது.

திங்கள், ஒன்பதரை மணி.
சூளையில் அதிசயமாய்க் கரண்ட் இருந்தது.
ஒரே பாயில் மூன்று பேர்,
நடுவில் ஒரு சட்டி நூடுல்ஸ்.

கதை, எனக்குப் புரிந்த வரை:
குடிநீர் வாரியத்தில் ஒருத்தி, பெயர் திலகராணி.
தண்ணீரை நாக்கில் வைத்தால் போதும்,
எந்த வீட்டுக் குழாயில் வந்தது,
அந்த வீட்டில் நேற்று யார் அழுதார்கள்
எல்லாம் தெரிந்துவிடும் அவளுக்கு.
முதல் டம்ளரைக் குடிக்கிறாள்.
கண்ணை மூடுகிறாள்.
"இதுல ஒரு மோதிரம் கிடக்கு. விரலோட."
உடனே விளம்பரம்.
தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திர விளம்பரம்.
ஹாஜிராவுக்குச் சிரித்துப் புரையேறி
தலையில் தட்டவேண்டியதாயிற்று.

மாமியார் வருகிறாள். இடி இடிக்கவில்லை.
கேமரா மூன்று முறை அவள் முகத்தில் முட்டவில்லை.
சும்மா உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்குகிறாள்,
எழுந்து போய்விடுகிறாள்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
இன்ஸ்பெக்டருக்குத் தண்ணீர் என்றால் பயம்,
ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி.
லாரியில் ஒரு ஆடு ஏறுகிறது.
ஏன் என்று கடைசிவரை யாருமே கேட்கவில்லை.
"நீ கேளேன்" என்றாள் ஜெசிந்தா, டிவியிடம்.

பிறகு லாரி ஒரு தெருவுக்குள் திரும்பியது.

டிரான்ஸ்ஃபார்மர். இஸ்திரி வண்டி.
வெள்ளைக் காது நாய்.
ஏய், என்றோம் மூவரும் ஒரே குரலில்.

போன சித்திரை. தொப்பி போட்ட ஒரு பையன் வந்து
ஜன்னலை எல்லாம் மூடச் சொன்னான்,
ஃபேன் போடக் கூடாது, மைக்கில் கேட்குமாம்,
ஆறு மணி வரை யாரும் வெளியே வரக் கூடாது.
கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தான்.
(கேபிள் பாக்கியை அதில்தான் கட்டினோம்.)
இருட்டறையில் வேர்த்து வேர்த்து
முறுக்கைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்துத் தின்றோம்.
கொடியில் துணி காய்ந்ததை மட்டும்
மறந்துவிட்டோம்.

இப்போது திலகராணி தெருவில் நின்று
எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்க்கிறாள்.
என் பச்சை நைட்டி. தோளில் ஊக்கு குத்தியது.
மூன்று விநாடி காற்றில் ஆடுகிறது,
நடிக்கத் தெரிந்ததுபோல.
பக்கத்தில் நிற்பவன் கேட்கிறான், அது யார் வீடு?
அவள் எச்சில் கூட்டி விழுங்குகிறாள்.
"அங்க யாரும் இல்ல.
வருஷக்கணக்கா தண்ணி ஏறாத குழாய்."

தொடரும்.

நூடுல்ஸ் ஆறிப் போயிருந்தது.
ஹாஜிரா முதலில் பேசினாள்:
"துணி காயுது, யாரும் இல்லைங்கிறா.
இவ என்ன துப்பு துலக்குறது?"
ஜெசிந்தா ஒன்றும் சொல்லாமல்
மூலையில் இருந்த டியூப்லைட்டையும் போட்டாள்.
அடுத்த திங்கள் எனக்கு இரவு ஷிஃப்ட்,
பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.
பார்க்க மாட்டேன் என்றாள் ஜெசிந்தா.
பார்ப்பாள்.

துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன்.
அதே நைட்டி, அதே ஊக்கு.
கீழே அந்த நாய்,
தான் டிவியில் வந்தது தெரியாமல்
இஸ்திரி வண்டிக்கடியில் படுத்திருந்தது.
வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு, அவர்கள் தூங்கியதும்,
சமையலறைக் குழாயைத் திறந்தேன்.
இருமியது. காற்று வந்தது. தண்ணீர் வந்தது.
ஒரு சொட்டு நாக்கில்.
குளோரின்.
கொஞ்சம் துரு.
அப்புறம், சொன்னால் சிரிப்பார்கள்,
மூன்று பேர் சத்தமில்லாமல் தின்ற
முறுக்கின் உப்பு.